கீழ் மண்டபத்தில் அழுதவர்

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்ததில் கொஞ்சம் இளைத்திருந்தாய். மற்றபடி நம் வீட்டுக் குச்சி அதே குச்சிதான். நான் இருக்கிறேன். ஓட்டல் ஒன்றுக்கு ஜன்னல் திரை தைத்துத் தருவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்று தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மனசில் வைத்திருந்தால் எனக்குத்தான் நெஞ்சு எரியும், அதனால் கேட்டுவிடுகிறேன். ஏன் தம்பி அப்படி நடந்துகொண்டாய்? அத்தான் போன செய்தியை உன் பட்டறைக்குப் போன் போட்டுச் சொன்னேன். காலையிலேயே வந்துவிடுவேன் என்றாய். உனக்காகப் பெட்டியை மூட விடாமல் நின்றேன். அஞ்சலி மண்டபத்துக்காரர் வந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் எத்தனை நேரம்மா?" என்று கேட்டார். கடைசியில் மூடித் திருகாணி போட்டு முடித்த பிறகு நீ வந்தாய். யாரோ ஒரு அம்மா உன்னை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அவள் யார் என்றுகூட நீ சொல்லவில்லை.

வந்தவன் என் முகத்தையாவது பார்த்தாயா? என் காதைப் பார்த்துப் பேசினாய். நான் இந்தப் பக்கம் நின்றால் நீ அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கிறாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெரியம்மா மகள் என் காதருகே வந்து, "இன்னும் அந்தப் பல்லு விஷயத்தை மனசுலயே வெச்சிருக்கான் போல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரே பார்க்கிற மாதிரியா தம்பி கோபத்தைக் காட்டுவது?

அந்த விருந்தன்று அவர் செய்தது தப்புதான். நீ உன் கையால் செய்து, ஆசையாகக் கொடுத்த பல் செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்து, "மச்சான் செஞ்ச பல்லு மச்சானை மாதிரியே, எங்கயும் ஒட்டாது" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நீ கை கழுவிவிட்டுப் போனவன் மூன்று வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் வாய் அப்படி என்று உனக்குத் தெரியாதா? என்னைக் கிண்டல் செய்யாத நாள் உண்டா? ஆஸ்பத்திரியில் நினைவு இருந்த வரைக்கும் "குச்சி வந்தானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். செத்தவரிடமாவது அந்தக் கோபத்தை விட்டாயா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மெஷினில் குனிந்தே உட்காராதே, முதுகு பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்குப் பஸ் தாமதம். வழியில் நின்றுவிட்டது. பிறகு மண்டபத்தைக் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது. ஜலதோஷம் வேறு. முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் மன்னித்துக்கொள். அந்தக் கூட்டத்தில் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

நீ கேட்டதை நேரில் பேசுவோம். கடிதத்தில் எழுதுகிற விஷயமா அது?

வரிகள் மேலே ஏறி ஏறிப் போகின்றன என்று திட்டாதே. மேஜையின் கால் ஒன்று ஆடுகிறது. பட்டறையில் வேலை அதிகம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பல் விழுகிறது போலிருக்கிறது.

உன் தம்பி


மார்ச் 9

கீழ் மண்டபத்து அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. அஞ்சலி மண்டப அலுவலகத்தின் முகவரிக்கு அனுப்புகிறேன். அவர்கள் உங்களிடம் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கைதான். இவ்வளவு பெரிய துக்கத்துக்குப் பிறகு உடல்நிலை எப்படி இருக்கிறது? துணைக்கு யாராவது இருக்கிறார்களா?

அன்று மேல் மண்டபத்துக்குப் போக வேண்டியவன் உங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தேன். பெட்டியில் இருந்தவர் என் அத்தான் என்று நினைத்து உங்கள் கணவர்மேல் விழுந்து அழுதேன். வாய்விட்டுப் பேசினேன். பேசியது உங்கள் காதிலும் விழுந்திருக்கும், தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடைசியாகக் கன்னத்தைத் தொட்டபோதுதான் கையில் மீசை பட்டது. என் அத்தான் வாழ்நாளில் மீசை வைத்தவரில்லை.

மண்டபம் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. பின்னால் யாரோ, "யாருய்யா இது?" என்றார்கள். யாரோ சிரிப்பை அடக்குவதும் கேட்டது. அப்போதுதான் நீங்கள் வந்து என் முழங்கையைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வந்துட்டீங்களா அண்ணா? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்" என்றீர்கள். குடும்பத்தார் உட்காரும் முதல் வரிசையில் உட்காரவைத்தீர்கள். கேட்டவர்களிடம், "அவரோட பழைய சிநேகிதர்" என்றீர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் கொடுத்து, பிறகு என் காதில் மட்டும், "மேல இன்னொரு மண்டபம் இருக்கு, வாங்க" என்றீர்கள். கணவரை அங்கே விட்டுவிட்டு என்னோடு படி ஏறினீர்கள். எவ்வளவு பெரிய காரியம் அது என்று வீட்டுக்கு வந்துதான் உறைத்தது.

எப்படி ஒரு மனுஷன் முகம் தெரியாமல் அழுவான் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். என் கண்ணில் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. ஓரம் தெரியும், நடு தெரியாது. சுவர் தெரியும், கதவு தெரியும், எதிரே நிற்பவரின் காது தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கலங்கல். கண்ணாடி போட்டாலும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பல் செட் செய்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். மெழுகில் பல்லைப் பதிக்கிற வேலை, மயிரிழை தப்பினாலும் வாயில் உட்காராது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். என் அக்காவுக்குத் தெரிந்தால் அழுதுகொண்டு ஓடி வருவாள். இவ்வளவு நாள் ஒரு நோயாளியைப் பார்த்துக் களைத்துப்போய்த்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். உடனே அடுத்தவனா?

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ததை உயிருள்ள வரை மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அன்று அழுதவன்


மார்ச் 28

அண்ணனுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் கடிதம் மண்டபத்துக் காவலாளியின் சட்டைப் பையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. கசங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. நான் எழுத்துகளைப் பெரிது பெரிதாகப் போட்டிருக்கிறேன், சிரமமில்லாமல் படியுங்கள்.

நான் செய்ததைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாதவர்களை அடுத்த நிறுத்தம் வரும்வரை எழுந்து நிற்க வைப்பார். தொலைத்தவர்களையும் நிற்க வைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்றைக்கு யார் யார் நின்றார்கள், எப்படி முழித்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மண்டபம் நிறைய அவருடைய டிப்போ ஆட்கள்தான். அவர்கள் முன்னால் நீங்கள் நின்ற நிலையைப் பார்த்ததும் என் கால் தானாக நடந்து வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லியாக வேண்டும். இறப்புச் சான்றிதழ் வாங்கும் அலுவலகத்தில் உங்கள் அக்காவைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதானே என் தம்பியைக் கூட்டிட்டு வந்தது? அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "படியில எனக்குத் தலை சுத்திருச்சும்மா. உங்க தம்பிதான் தண்ணி வாங்கிக் கொடுத்து, நான் தெளியற வரைக்கும் பக்கத்துலயே இருந்தார். அதனாலதான் அவருக்கு நேரமாயிருச்சு" என்று சொல்லிவைத்தேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. யார் கேட்டாலும் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

அதன்பிறகு வரிசை நகரும் வரை அவர் உங்களைப் பற்றித்தான் பேசினார். முதலில் திட்டினார். பிறகு சின்ன வயதில் உங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த கதையைச் சொன்னார். போகும்போது தன் வீட்டு விலாசத்தையும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணா, நான் ஒரு வெளியாள். என்றாலும் சொல்கிறேன், அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லும்வரை என் வாயிலிருந்து உங்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வராது. இது வாக்கு.

ஆஸ்பத்திரிக் கிடங்கில் படுக்கை விரிப்பு எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். நாள் ஓடுகிறது. நீங்கள் கண்ணை வருத்திக்கொண்டு நீளமாக எழுத வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமா? ஜலதோஷம் விட்டதா? அல்லது அதுவும் பஸ்ஸோடு வழியில் நின்றுவிட்டதா?

உன் சாயம் வெளுத்துவிட்டது. பஸ் நிற்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. உன்னைக் கொண்டுவந்து விட்ட அந்த அம்மாவைப் பார்த்தேன், எல்லாம் சொன்னாள். தலைசுற்றி உட்கார்ந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் துணைக்கு இருந்தாயாம். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா? கேட்டதும் முதலில் மனசு இளகியது. நம் அம்மா வளர்த்த பிள்ளை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது இன்னொன்று தோன்றியது. முன்பின் தெரியாத ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார உனக்கு நேரம் இருந்திருக்கிறது, அத்தான் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நேரமில்லை. அப்படி நினைப்பது தப்பு என்று தெரிகிறது, ஆனாலும் நினைக்கிறேன். நீ அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நினைக்க மாட்டேன்.

நேரில் பேசுவோம் என்று எழுதினாய். எப்போது? மாசம் ஒன்று ஓடிவிட்டது. நீ வருகிற வழியாகத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அவர் அந்தப் பல் செட்டை மாற்றவே இல்லை. ஈறு புண்ணாகி, பஞ்சு வைத்துக்கொண்டு போட்டார். "வேற டாக்டர்கிட்ட புதுசா செஞ்சுக்கலாமே" என்று நான் சொன்னால், "மச்சான் கையால செஞ்சது, நீ உன் வேலையைப் பாரு" என்பார். போகும்போதும் அதுதான் வாயில் இருந்தது. நீ கிட்டே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, வேலை விஷயம். கூடத்தில் மாட்ட அவர் படம் ஒன்றைப் பெரிதாக்க வேண்டும். இருக்கிற படங்களை இதோடு அனுப்புகிறேன். எனக்கு எதைப் பார்த்தாலும் அழுகை வருகிறது, தேர்ந்தெடுக்க முடியவில்லை. நீ பல்லையும் தாடையையும் பார்த்தே ஆளைச் சொல்கிறவன். எந்தப் படத்தில் அவர் அவராக இருக்கிறார் என்று பார்த்துச் சொல். நீ சொல்கிற படத்தைத்தான் மாட்டப்போகிறேன். வேறு யாரையும் கேட்கவில்லை.

உன் அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே.

அத்தான் பல்லைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். பஞ்சு வைத்துக்கொண்டு போட்டார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்து சரிசெய்து கொடுத்திருப்பேன்.

படங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தேன். அடியில் இருந்த நாலாவது படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது. வெளிச்சமாக இருக்கிறது, முகம் களையாக இருக்கிறது. பார்த்ததும் அத்தான் எதிரே நிற்கிற மாதிரி இருந்தது. அதையே பெரிதாக்கி மாட்டு. படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோடை வெயிலில் வெளியே அலையாதே.

உன் தம்பி


மே 18

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நாலாவது படம் அவர் படம் இல்லை. உன் படம். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டு வாசலில் நின்று எடுத்தது. அவருடைய சட்டைப் பெட்டியில் அடியில் இருந்தது. எத்தனை வருஷமாக வைத்திருந்தாரோ தெரியாது. நீ வைத்துக்கொள் என்று பின்னால் பென்சிலால் எழுதித்தான் உள்ளே வைத்தேன். நீ பார்த்தாயோ, படித்தாயோ.

செத்தவர் படத்துக்குப் பதில் உன் படத்தை மாட்டச் சொல்கிறாய். முகம் களையாக இருக்கிறதாம். அத்தனை பேர் முன்னால் அவர் உன்னைக் கிண்டல் செய்தார், அவர் போன பிறகு நீ என்னைக் கிண்டல் செய்கிறாய், கணக்குச் சரியாகிவிட்டது, அப்படித்தானே? நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி எனக்கு எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விழைகிறேன். தொந்தரவு தருவதற்கு மன்னியுங்கள், எனக்கு இப்போது எழுத வேறு ஆள் இல்லை.

அக்கா அனுப்பிய படங்களில் அத்தான் படம் என்று நினைத்து என் படத்தையே தேர்ந்தெடுத்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்தும் முகங்கள் பிடிபடவில்லை. பட்டறையில் யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் உனக்குத் தெரியவில்லையா என்பார்கள். வெளிச்சமாகப் பட்டதைச் சொல்லிவைத்தேன். கிண்டல் செய்தேன் என்று அக்கா நினைக்கிறாள். பிறகு போட்ட கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். நல்லவேளை படிக்கவில்லை என்று ஒரு சமயம் தோன்றுகிறது, ஐயோ படிக்கவில்லையே என்று மறு சமயம் தோன்றுகிறது.

முதலாளிக்கும் தெரிந்துவிட்டது. பல் அச்சுக்குச் சுண்ண மாவு குழைக்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார். துரத்தவில்லை, அதுவே பெரிசு. மாவின் பதம் கைக்கே தெரியும், கண் வேண்டாம். கூட இருப்பவர்கள் என் எதிரில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் கொடுத்த வாக்கை நினைவுபடுத்துகிறேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம். என்னைக் கல்நெஞ்சன் என்று திட்டிக்கொண்டாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அந்தப் பக்கம் போனால் அவள் சாப்பிடுகிறாளா, மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று எட்டிப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் அண்ணன்


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

சான்றிதழ் அலுவலகத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருந்தவள் எழுதுகிறேன். நான் நலம், நீங்கள் நலமா? போன வாரம் உங்கள் தெரு வழியாக வந்தேன். மெஷின் சத்தம் கேட்கவில்லை. கதவைத் தட்டத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். நேரில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. படியில் எனக்குத் தலை சுற்றவில்லை. அது நான் சொன்ன பொய்.

உங்கள் தம்பி அன்று சரியான நேரத்துக்கு வந்தார். உங்கள் மண்டபத்துக்கு வரவில்லை, கீழே எங்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரரைத் தன் அத்தான் என்று நினைத்துக்கொண்டார். ஏன் அப்படி நினைத்தார் என்று நான் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் அன்று பெட்டியின் மேல் கவிழ்ந்து சொன்ன வார்த்தைகளைப் பற்றி நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. மறந்துவிடச் சொன்னார், என்னால் முடியவில்லை. கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

"அத்தான், அந்தப் பல்லு ஒட்டலைன்னு நீங்க சொன்னது நெசந்தான் அத்தான். அப்பவே என் கண்ணு போக ஆரம்பிச்சிருச்சு. அளவு தப்பிப் போச்சு. அதை வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, கோவிச்சுக்கிட்டவன் மாதிரி இருந்துட்டேன். உங்க மேல எனக்கு என்ன கோவம்? நீங்க கிண்டல் பண்ணாம என்னை வேற யாரு பண்ணுவாங்க? நான் வந்திருக்கணும். எந்திரிச்சு இன்னொரு தடவை திட்டுங்க. அக்காவைத் தனியா விட்டுட்டுப் போறீங்களே, நான் இப்ப அவ முகத்தைக்கூடப் பாக்க முடியாதவனாயிட்டேனே, அவளுக்கு நான் எப்படி ஆறுதல் சொல்லுவேன்?"

இவ்வளவும் சொல்லி அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். கையில் மீசை தட்டுப்பட்ட பிறகுதான் நிறுத்தினார். மேலே உங்களிடம் வரும்போது அவரிடம் கண்ணீர் மிச்சமில்லை.

நான் அவரைக் காப்பாற்றினேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். முழு உண்மை அது இல்லை அக்கா. அவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவர் உள்ளே வந்து முதல் வார்த்தை பேசியதுமே ஆள் மாறி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரை அத்தான் என்று கூப்பிட ஆளில்லை. எழுந்து போய் அப்போதே தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. காலையிலிருந்து அந்த மண்டபத்தில் ஒருவர் அழவில்லை. டிப்போவிலிருந்து வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அழுகை வரவில்லை. அவரோடு நான் வாழ்ந்த வாழ்க்கை அப்படி. ஆனாலும் ஒரு மனுஷன் யாரும் அழாமல் போகிறாரே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உங்கள் தம்பி வந்தார். கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மேலே உங்கள் வீட்டுக்காரரின் பெட்டியை மூடியிருக்கிறார்கள். உங்களை நினைக்கும்போதெல்லாம் இது என்னை அரித்தது.

உங்கள் வீட்டுக்காரருக்காகக் கொண்டுவந்த அழுகையை நான் என் வீட்டுக்காரருக்கு வாங்கிக்கொண்டேன். அது உங்களுடையது. இப்போது உங்களிடமே கொடுத்துவிட்டேன்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் கொள்கிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன், நானே சுருக்கமாகப் பேசுகிறேன் என்றால் பார்த்துக்கொள்.

உன் தங்கை எழுதினாள். அவள் வாக்குத் தவறவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த மட்டும் அழுது பார்த்தேன். முன்பின் தெரியாத ஆளுக்கு எங்கே அழுகை வரும்? அவள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் நிஜமாகவே அழுதோம்.

நீ எழுதி நான் திருப்பி அனுப்பிய அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறாயா? வைத்திரு. நீ சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். திரும்பி வருவதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை. மெஷினையும் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நிறுத்தத்துக்கு வந்து ஆட்களின் முகத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதே. வீட்டிலேயே இரு. கதவைத் தட்டியதும் நான் பேச ஆரம்பித்துவிடுவேன், நிறுத்தவே மாட்டேன். குரலை வைத்து நான்தான் என்று தெரிந்துகொண்டு, அதன்பிறகு அழு.

உன் அக்கா